பேர் சொல்லாத கூப்பாடு

இந்தக் காலத்து ஆட்களுக்கு ஆண்டவன் வாயை எதற்கு வைத்தான் என்பது சித்தக் கிழவருக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒருத்தனை ஒருத்தன் கூப்பிட ஹாரன் அடிக்கிறான். விசில் ஊதுகிறான். டவுனில் போன் என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதை மணியடிக்க விடுகிறான். கூப்பிடுகிறவனுக்குத் தொண்டை நோகக் கூடாது, கூப்பிடப்படுகிறவனுக்கு யார் கூப்பிட்டது என்று தெரியக் கூடாது. திருட்டுப் பிழைப்பு.

அன்றைக்கும் அப்படித்தான். கார்த்திகை மாசம். சாமைக் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். மேலே மஞ்சக்குட்டை ரோட்டில் ஒரு ஜீப் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. வேறு யாரையோ என்று விட்டார். நின்றபாடில்லை. கடைசியில் அரிவாளோடு மேலே ஏறிப் போனார், டிரைவரைத் திட்டுவதற்காகவே.

“ஏண்டா, பேர் சொல்லிக் கூப்பிட்டா நாக்கு அழுகிப் போயிருமா?”

“உங்களைத்தானுங்க கூப்பிட்டேன். சேலத்துல இருந்து ஒரு டீச்சரம்மா வந்திருக்குது. ராமசாமி கடையில உக்காந்திருக்குதுங்க.”

“எனக்கும் சேலத்துக்கும் என்ன சோலி?”

சோலி இல்லைதான். ஆனாலும் போனார். திட்ட வந்த ஆத்திரம் பாதியில் நின்றிருந்தது, அதை எங்கேயாவது கொட்ட வேண்டும்.

ராமசாமி அடிவாரத்து ஆள். மலையேறி வந்து டீக்கடை போட்டுத் தலை நரைத்துவிட்டது, இன்னும் “இந்தக் குளிர் நமக்கு ஒத்துக்காதுங்க” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் கடை பெஞ்சில் சால்வை போர்த்திய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சின்ன டேப் ரெக்கார்டர். கிழவரைக் கண்டதும் எழுந்து கும்பிட்டாள். பெயர் ஜெயகுமாரியாம். காலேஜில் பாடம் சொல்லிக்கொடுக்கிறாளாம்.

“ஐயா, எமர்ஜென்சி முடிஞ்ச வருசம் ஒரு வெள்ளைக்காரம்மா இந்தப் பக்கம் வந்து பேச்சு, பாட்டெல்லாம் பதிஞ்சுட்டுப் போனாங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?”

“பெட்டிக்காரம்மா.”

“அவங்களேதானுங்க. ஜெர்மனிக்காரங்க. அந்த டேப்பெல்லாம் அங்க ஒரு யுனிவர்சிட்டியில இருக்குது. இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்தறாங்க. ஏத்திட்டா உலகத்துல எங்கிருந்தும் கேட்டுக்கலாம். அதுக்கு முன்னாடி, பேசுனவங்களை இல்லாட்டி அவங்க ஊட்டு ஆளுங்களைக் கேட்டுட்டு வரச் சொல்லி எனக்கு எழுதியிருக்காங்க. உங்க ஊட்டம்மாவும் பேசியிருக்காங்க. அத்தாயி.”

அத்தாயி போய்ச் சேர்ந்து சில வருசமாகிவிட்டது. அந்தப் பெயரை வேற்று வாயில் கேட்டதும் கிழவர் அரிவாளை மெல்லச் சுவரில் சாய்த்து வைத்தார்.

“என்னத்தைப் பேசினா?”

அவள் பொத்தானை அழுத்தினாள். முதலில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். அப்புறம் அத்தாயி. சாமையில் எத்தனை வகை, கேழ்வரகில் எது சீக்கிரம் விளையும் என்று யாரோ கேட்க, இவள் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கோழி. நடுவில் அவள் சிரிப்பு. கடைக்கு வெளியே பனி ரோட்டைத் தாண்டி உள்ளே நுழைகிற நேரம். எதிர்ச் சரிவு இல்லை, காப்பித் தோட்டம் இல்லை, சவுக்கு மரத்தின் அடி மட்டும் இருந்தது, தலை இல்லை.

அந்த வெள்ளைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள்.

“ஓ… ஓஒய்…”

கீழே இறங்கி, ஓரிடத்தில் நின்று, கொக்கி மாதிரி மேலே வளைகிற கூப்பாடு.

“ஓய்! வாரேன்!” என்றார் சித்தன். எழுந்து நின்றிருந்தார். கால் ஒன்று கடைக்கு வெளியே போயிருந்தது.

ராமசாமி ஆற்றிக்கொண்டிருந்த டீ ஆற்றாமலேயே நின்றது. டேப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கிழவர் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

அந்த ஊரில் கட்டிக்கொண்டவள் கட்டியவன் பேரைச் சொல்ல மாட்டாள். ஊடு ஒரு சரிவில் இருக்கும், காடு எதிர்ச் சரிவில் இருக்கும், நடுவில் பள்ளம். கஞ்சி காய்ச்சிவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டுமானால் வாசலில் நின்று கூப்பாடு போட வேண்டியதுதான். ஒவ்வொருத்திக்கும் ஒரு கூப்பாடு. ஒருத்தியுடையதை இன்னொருத்தி போடக் கூடாது. பத்துப் பேர் வேலை செய்கிற காட்டில், தன்னுடையதைக் கேட்டவன் மட்டும் நிமிர்வான். நிமிர்ந்து “ஓய்” என்று பதில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அவள் கூப்பிட்டுக்கொண்டே இருப்பாள். பனிக் காலத்தில் வழி தெரியாது, கை தெரியாது. கூப்பாட்டைப் பிடித்துக்கொண்டுதான் சித்தன் எத்தனையோ நாள் ஊடு வந்திருக்கிறார். கயிறு மாதிரி அது பள்ளத்தின் மேல் தொங்கும்.

அவள் செத்துப்போனால் அந்தக் கூப்பாடும் அவளோடு. பெற்ற மகள்கூட அதைப் போடக் கூடாது. போட்டால் போனவள் போக மாட்டாள், கூப்பிட்டபடி நின்றுவிடுவாள் என்பார்கள்.

“அதுல என்னன்னு எழுதி வெச்சிருக்குது?” என்று கேட்டார், டேப்பின் மேல் ஒட்டியிருந்த தாளைக் காட்டி.

ஜெயகுமாரி தயங்கினாள். “மாட்டைக் கூப்பிடற சத்தம்னு போட்டிருக்குதுங்க.”

ராமசாமிக்கு வாய் நிற்கவில்லை. “தப்பில்லீங்களே, சித்தண்ணா. ஜெர்மனிக்காரன் தூரத்துல இருந்தே கண்டுபுடிச்சுட்டான்.”

“நீ டீயை ஆத்துடா.”

கிழவருக்கு நடந்தது தெரியும். அன்றைக்கு அவர் எதிர்ச் சரிவில் ஏர் கட்டி உழுதுகொண்டிருந்தார். அத்தாயி அவளாகக் கூப்பிட்டாள். யாரைக் கூப்பிட்டாய் என்று பெட்டிக்காரம்மா கேட்டிருப்பாள். இவள் பேரைச் சொல்லுவாளா? மோவாயால் எதிர்ச் சரிவைக் காட்டியிருப்பாள். அங்கே எருதும் நின்றது, இவரும் நின்றார். பார்த்ததை எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

“இதைத்தான் கம்ப்யூட்டர்ல போடறாங்களா?”

“ஆமாங்க.”

“எவனோ பொத்தானை அமுக்குவான். இவ கூப்பிடுவா. அங்க யாரு பதில் சொல்லுவா?”

அவள் டேப்பை நிறுத்தினாள். “இந்த கேசட்டை நீங்களே வெச்சுக்கலாமுங்க, ஐயா. அங்க இருக்கறதும் இதுவும் ஒண்ணுதான்.”

“இங்க ஒண்ணு குடுத்துட்டு அங்க ஒண்ணு வெச்சுக்கறதுக்குப் பேரு திருப்பிக் குடுக்கறதா? அங்க இருக்கறதை எடுத்துரோணும், கண்ணு. எனக்கு அவ்வளவுதான் வேணும். அவளை அந்நிய ஊருல கத்த உடக் கூடாது.”

“கேக்கலாமுங்க. அவங்க நாட்டுல ஒரு சட்டம் இருக்குது. ஒருத்தரைப் பத்தின விவரத்தை அவங்களைக் கேக்காம கம்ப்யூட்டர்ல வெச்சுக்கக் கூடாது. தப்பா இருந்தா திருத்தச் சொல்லலாம், எடுக்கவும் சொல்லலாம்.”

“நம்ம நாட்டுல?”

“இன்னும் அப்படிச் சட்டம் வரலீங்க.”

“அப்ப எடுத்துட்டுப் போனவன் சட்டந்தான் எனக்குக் காவலு. எம்பட சர்க்கார் சும்மா உக்காந்திருக்குது.”

“அப்படித்தானுங்க ஆகுது.”

“கோழியைப் புடிச்சு நரி ஊட்டுல அடைச்சுட்டு, கவலைப்படாதே, நரி நொம்ப நல்லவருன்னு சொல்றாப்பல இருக்குது.”

“ஏனுங்கண்ணா,” என்றார் ராமசாமி, “நரி ஊட்டுக் கதவுக்காச்சும் தாழ்ப்பாள் இருக்குதே. நம்ம ஊட்டுக்குக் கதவே வெக்கலை.”

ஏற்காட்டுக்குப் போய் நேரே போனில் கேட்டுவிடலாம் என்று ஜெயகுமாரிதான் சொன்னாள். அங்கே இப்போதுதான் விடிந்து ஆபீஸ் திறந்திருப்பார்களாம். இங்கே வெயில் சாய்கிற நேரத்தில் அங்கே விடிகிறது என்றால் அந்த ஊரை எப்படி நம்புவது? ஆனாலும் பஸ் ஏறினார்.

பஸ் பனியைக் கிழித்துக்கொண்டு போனது என்று சொல்ல முடியாது. பனி கிழியவில்லை, விலகிக் கொடுத்துவிட்டுப் பின்னால் மூடிக்கொண்டது. ஜன்னலில் சில்வர் ஓக் மரங்கள் ஒவ்வொன்றாய் வந்து நின்று, எதையோ கேட்க நினைத்துக் கேட்காமல் போயின. கிழவர் கண்ணை மூடினார். ஒரு பெரிய கட்டடம் தெரிந்தது. சன்னலே இல்லை. உள்ளே வரிசை வரிசையாய்ப் பெட்டிகள். ஒரு பெட்டிக்குள் அத்தாயி வாசலில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு. எதிரே பள்ளம் இல்லை, காடு இல்லை. வெள்ளைச் சுவர். அதைப் பார்த்து வாயருகில் கையைக் குவிக்கிறாள்.

“ஐயா, ஏரி வந்துருச்சுங்க. இறங்கலாம்.”

ஏரிக்கரை ரோட்டில் காமாட்சி என்கிற அம்மாள் நடத்துகிற போன் பூத். கண்ணாடிக் கதவு. உள்ளே ஒருத்தர் நிற்கத்தான் இடம். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் நெருக்கி நின்றார்கள். ஜெயகுமாரி வெகுநேரம் நம்பரை அழுத்தினாள். யாரோ ஒரு ஆபீசர் எடுத்தான். இங்கிலீசில் பேச்சு. பேச்சுக்கு நடுவே அவள் திரும்பித் திரும்பிச் சொன்னாள்.

“செத்துப் போனவங்களுக்கு அந்தச் சட்டம் இல்லைங்கறாருங்க. உசுரோட இருக்கறவங்களுக்குத்தானாம்.”

“செத்தவதான் வாய் தொறந்து கேக்க முடியாதவ. கேக்க முடிஞ்சவனுக்கு எதுக்குச் சட்டம்?”

அதை அவள் எப்படிச் சொன்னாளோ. கொஞ்ச நேரம் கழித்து, “உங்களைப் பத்தினதுன்னா நீங்க கேக்கலாமாம். அந்தக் கூப்பாட்டுல உங்க பேரு வருதான்னு கேக்கறாருங்க.”

கல்லாவில் உட்கார்ந்திருந்த காமாட்சி சிரித்துவிட்டாள். “எந்தப் பொண்டாட்டிங்க புருசன் பேரைச் சொல்லுவா? நானே ரேசன் கடையில எழுதித்தான் காட்டறேன்.”

“பேரு வராதுன்னு சொல்லு,” என்றார் சித்தன். “வராததாலதான் அது என்னுதுன்னும் சொல்லு.”

ஜெயகுமாரி அதைச் சொன்னாள். அப்புறம் அந்த ஆபீசர் ஏதோ சொன்னான். ஜெயகுமாரி போனைக் கையால் மூடிக்கொண்டாள்.

“உங்க ஊருப் பொம்பளைங்க போட்ட கூப்பாடு இன்னும் சிலது அவங்ககிட்ட இருக்குதாம். எல்லாத்துக்கும் மாட்டுச் சத்தம்னுதான் பேரு. ஒவ்வொண்ணா போட்டுக் காட்டறாராம். யாரு யாரைக் கூப்பிடறாங்கன்னு கேட்ட உடனே சொல்ல முடிஞ்சா, அது ஆளைக் குறிக்கற கூப்பாடுன்னு ஒத்துக்கறாராம்.”

கிழவர் போனைக் காதில் வைத்தார். ஜில்லென்றிருந்தது. கடல் என்று சொல்கிறார்களே, அது அந்தக் கம்பிக்குள் இரைந்துகொண்டிருந்தது. இரைச்சலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது, இரண்டு துள்ளல், ஒரு நீட்டல்.

“இது காளியாயி! காளியாயியே தான். மாதேஸ்வரனைக் கூப்பிடறா.” அவர் முகம் மலர்ந்துவிட்டது. காளியாயி எரிந்த இடத்தில் இப்போது புல் முளைத்து மாடு மேய்கிறது. அவள் குரலோ ஈரம் காயாமல் இருந்தது.

அடுத்தது. கரகரத்த குரல், முடிவில் ஒரு வெட்டு.

“தங்கம்மா. கோவக்காரி. சின்னையனுக்கு. அந்தாளு மேல ஊட்டுப் பக்கம் காத்து வாங்கிட்டு இருப்பான், இவ இப்படித்தான் அதட்டுவா.”

கண்ணாடிக்கு வெளியே ஏரி இல்லை. படகு இல்லை. பனிதான். அந்தப் பனிக்குள் மலைச் சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து நின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஒருத்தி. ஒவ்வொரு காட்டிலும் ஒருத்தன் நிமிர்ந்து பார்க்கிறான். கிழவர் அந்தப் பள்ளத்தின் நடுவில் மிதந்துகொண்டிருந்தார்.

பக்கத்தில் ஜெயகுமாரி, காமாட்சி கல்லாவிலிருந்து நீட்டிக் கொடுத்த இன்னொரு ரிசீவரில் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னவோ இங்கிலீசு, நடுவில் “சின்னையன்.” அதை எழுத்து எழுத்தாகப் பிரித்துச் சொன்னாள், அந்தப் பக்கம் ஒருத்தன் எழுதிக்கொள்வதற்காக. அப்புறம் “தங்கம்மா.” அதையும் பிரித்தாள்.

சித்தனுக்கு மிதப்பு அடங்கியது.

அந்தப் பெண்கள் ஆயுசு முழுக்கச் சொல்லாத பேரை இவர் சொல்லிவிட்டார். அவன் கேட்டான், இவர் கொடுத்தார். ஒன்றை வாங்க வந்த இடத்தில் இரண்டைக் கொட்டியாயிற்று. அவனிடம் இத்தனை நாள் வெறும் மாட்டுச் சத்தம் இருந்தது. இப்போது ஆள் இருக்கிறது.

மூன்றாவது கூப்பாடு வந்தது. பொன்னுவேல் பொண்டாட்டி. தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

“இது யாருங்க ஐயா?”

“தெரியலை.”

“நல்லாக் கேளுங்க—”

“தெரியலைங்கறேன்ல. வயசாச்சு. காது மந்தம்.”

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். காமாட்சியும் பார்த்தாள். கிழவர் பல்லைக் கடித்துக்கொண்டார். இனி எது வந்தாலும் வாய் திறப்பதில்லை. அத்தாயியுடையது வந்தாலும்கூட. வந்தால் சும்மா இருந்துவிட வேண்டியது. பதில் சொன்னால் அதுவும் சாட்சியாகிவிடும், அதையும் பிரித்து எழுதிக்கொள்வான். கல்லு மாதிரி நிற்க வேண்டியது.

இரைச்சல் கொஞ்ச நேரம் தனியாக இருந்தது. கோழி ஒன்று கொக்கரித்தது. அது அவர் வீட்டுக் கோழி.

“ஓ… ஓஒய்…”

இறங்கி, நின்று, வளைந்தது.

அந்தக் குரல் நின்ற இடத்தில்தான் கேட்கிறவன் செத்துப் போவான். அவள் அந்த இடத்தில் மூச்சை நிறுத்துவது, அவர் நிமிர்ந்தாரா என்று பார்ப்பதற்காக. நிமிர்ந்துவிட்டார் என்று தெரிந்தால்தான் மேலே வளைப்பாள். சட்டம் தெரிந்த எவனுக்கும் அது தெரியாது.

“ஓஓய்! வாரேண்டி! வந்துட்டேன், இரு!”

பூத்தின் கண்ணாடி அதிர்ந்தது. ரோட்டில் போன டூரிஸ்ட் குடும்பம் ஒன்று நின்று பார்த்தது. ஜெயகுமாரி காதைப் பொத்திக்கொண்டாள்.

“இப்படிக் கூப்பிட்டா போனே வேண்டாமுங்க,” என்றாள் காமாட்சி. “நேராவே ஜெர்மனிக்குக் கேக்கும்.” சொல்லிவிட்டு அவள் ஏனோ முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

அந்தப் பக்கம் டேப்பை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ஆபீசர் மெல்லப் பேசினான். மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் குரல் மாறியிருந்தது.

“ஒத்துக்கிட்டாருங்க, ஐயா. உங்களைக் கூப்பிட்டதுதான்னு. கம்ப்யூட்டர்ல இருந்தும் டேப்ல இருந்தும் எடுத்துடறாராம்.”

“நான் சொன்ன மத்தவங்க பேரு?”

“சரிபாக்கறதுக்குத்தான் குறிச்சாராம். அதையும் எடுத்துருவாராம்.”

“எடுத்தாச்சான்னு யாரு பாப்பா?”

“அதுக்குன்னு ஒரு அதிகாரி இருக்காருங்க.”

“எங்க?”

“அங்கயே தான்.”

“அங்கயே.” கிழவர் தலையை ஆட்டினார்.

அவள் பையிலிருந்து ஒரு தாளையும் மைப்பெட்டியையும் எடுத்தாள். சொல்லத் தயங்கியது தெரிந்தது. “எடுக்கச் சொல்லி நீங்க கேட்டதா இதுல இருக்கோணுமாமுங்க. உங்க பேரு, ஊரு, கைநாட்டு.”

“எம்பட பேரை எடுக்கறதுக்கு எம்பட பேரு வேணும்.”

“ஆமாங்க.”

“இந்தத் தாளு எங்க போகும்?”

“அங்க தானுங்க.”

“இதை எப்ப எடுப்பாங்க?”

அவள் மைப்பெட்டியின் மூடியைத் திறந்தாள். நல்ல பெண். பொய் சொல்லத் தெரியவில்லை.

கிழவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். படிக்கத் தெரியாத எழுத்து வரிசையாக நின்றது. ஒரு வரியில் அவள் கூப்பாடு இருக்கிறது என்றாள் ஜெயகுமாரி. அதற்குக் கீழே அவர் பேர் வரும். கூடி வாழ்ந்த காலமெல்லாம் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைக்காத இரண்டு. அவள் இருந்திருந்தால் வெட்கத்தில் முந்தானையைக் கடித்திருப்பாள். இல்லாவிட்டால், போகுது உடுங்க, நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டு கிடக்கறேன், சீக்கிரம் முடிங்க என்றிருப்பாள். இரண்டில் எது என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் அங்கே வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்பது மட்டும் தெரிந்தது.

கட்டைவிரலை மையில் அழுத்தி, தாளில் அழுத்தினார்.

“அந்த கேசட்டைக் குடு.”

“வெச்சுக் கேக்கறதுக்கு ஊட்டுல டேப் இருக்குதுங்களா?”

“இல்லை. அதனாலதான் கேக்கறேன்.”

அவள் டேப் ரெக்கார்டரைத் திறந்து கேசட்டை எடுத்துக் கொடுத்தாள். மடியில் செருகிக்கொண்டு, போயிட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் பூத்தை விட்டு இறங்கினார். மஞ்சக்குட்டை ரோடு பனிக்குள் இரண்டு அடி தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை. நடக்க அது போதும்.

“ஐயா! பஸ் வருதுங்க! ஐயா!” ஜெயகுமாரி பின்னால் கத்தினாள். பஸ்ஸும் சேர்ந்துகொண்டு ஹாரன் அடித்தது.

அவர் திரும்பவில்லை. அதில் எதுவும் அவர் நிமிர வேண்டிய கூப்பாடு அல்ல. கட்டைவிரல் மையை வேட்டியில் தேய்த்தார், போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தார்.

“எடுத்துட்டானாம்,” என்றார் பனியைப் பார்த்து. “எங்கத்த எடுத்தான்.”

காதைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு, மேலே நடந்தார்.